நூனவுட்டில் ஆசிரியர் வேலை: விண்ணப்பத்திலிருந்து இரண்டாம் ஆண்டுக் கப்பல் வரை

ஆசிரியர் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, டொராண்டோ சுற்றுவட்டாரத்தில் நிரந்தர வேலை கிடைக்காமல் இன்று ஒரு பள்ளி, நாளை ஒரு பள்ளி என்று ஓடிக்கொண்டிருக்கும் நம்மவர்கள் அடிக்கடி என்னிடம் கேட்பது: "நூனவுட் போகலாமா?" கனடாவின் வடகோடியில் இருக்கும் ஆட்சிப்பகுதி அது. கூடவே இரண்டு கேள்விகள் வரும். சம்பளம் எவ்வளவு? குளிர் எவ்வளவு? இரண்டையும் யாரும் தேடித் தெரிந்துகொள்ளலாம். அங்கே வேலை பார்த்தபோது நான் கண்டது வேறு. பாதியில் பெட்டி கட்டியவர்களில் குளிர் தாங்காமல் போனவர்கள் குறைவு. தண்ணீர் தீர்ந்த வீடு, வந்து சேராத சாமான், வாய் திறக்காத வகுப்பு, பள்ளி விட்டதும் தானே சாத்திக்கொண்ட கதவு, இவைதான் ஆட்களைத் திருப்பி அனுப்பின. எனவே இந்தக் கட்டுரையில் அவற்றைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

எந்த ஊர் என்று முடிவு செய்வது

நூனவுட் 1999 ஏப்ரல் 1 அன்று வடமேற்கு நிலப்பகுதியிலிருந்து பிரிந்து தனி ஆட்சிப்பகுதி ஆனது. கனடாவின் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 36,858. அவர்களில் மிகப் பெரும்பாலானோர் அந்த நிலத்தின் பூர்வகுடிகளான இனுவிட் மக்கள். மொத்தம் 25 ஊர்கள். தெற்கிலிருந்து எந்த ஊருக்கும் சாலை கிடையாது. ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கும் கிடையாது. விமானம், கோடையில் கப்பல், உறைந்த காலத்தில் ஸ்கீடூ என்னும் பனிவண்டி, அவ்வளவுதான் வழி.

மூன்று வட்டாரங்கள் இருக்கின்றன. கிழக்கே கிக்கிக்டாலுக், நடுவில் கிவாலிக், மேற்கே கிட்டிக்மியாட். புதிதாகப் போகிறவர்கள் ஊரின் படத்தைப் பார்த்து மயங்கித் தேர்ந்தெடுக்கிறார்கள். விமானப் பாதையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் புத்திசாலித்தனம். கிழக்கு ஊர்களுக்கு ஒட்டாவாவிலிருந்து இக்காலுயிட் வழியாகப் போக வேண்டும். கிவாலிக்குக்கு வின்னிபெக்கிலிருந்து ராங்கின் இன்லெட் வழி. மேற்கே எட்மண்டன், யெல்லோநைஃப் வழி. பெரிய நோய் என்றால் உங்களைக் கொண்டுபோகும் மருத்துவமனையும் பெரும்பாலும் இதே பாதையில்தான் இருக்கும். வீட்டில் ஒரு சாவு என்றால் நீங்கள் ஊர் திரும்புவதும் இதே வழியில்தான். குடும்பம் ஒன்டாரியோவில் இருந்தால் கிழக்கு வட்டாரம் வசதி.

அடுத்தது வெளிச்சம். தலைநகர் இக்காலுயிட் ஆர்க்டிக் வட்டத்துக்குத் தெற்கே இருக்கிறது. டிசம்பரில் நான்கு மணி நேரச் சொச்சம் சூரியன் உண்டு. பாண்ட் இன்லெட்டில் நவம்பர் நடுவில் மறையும் சூரியன் ஜனவரிக் கடைசியில்தான் எட்டிப் பார்க்கும். ரெசொலூட், கிரீஸ் ஃபியோர்ட் போன்ற ஊர்கள் இன்னும் வடக்கே. இருட்டில் மனம் தளரும் ஆள் என்று உங்களைப் பற்றி ஏற்கெனவே தெரிந்திருந்தால், முதல் ஆண்டுக்கு வட்டத்துக்குத் தெற்கே உள்ள ஊரே போதும்.

விண்ணப்பமும் நேர்காணலும்

வேலை அறிவிப்புகள் பெரும்பாலும் வசந்தத்தில் வரும். வேறு மாகாணத்தின் ஆசிரியர் சான்றிதழ் இருந்தால் நூனவுட் சான்றிதழ் வாங்குவது சிக்கலில்லை. இந்தியாவிலோ இலங்கையிலோ பயிற்சி பெற்றவர்கள் முதலில் தெற்கே ஒரு மாகாணத்தில் சான்றிதழ் வாங்கிக்கொள்வது சுருக்கமான வழி. காவல்துறைச் சரிபார்ப்பு நாளெடுக்கும். விண்ணப்பிக்கும் வாரத்திலேயே அதையும் தொடங்கிவிடுங்கள்.

நேர்காணலில் பள்ளியின் தலைமையாசிரியரோடு, டி.இ.ஏ. என்று எல்லோரும் சொல்லும் ஊர்க் கல்விக் குழுவைச் சேர்ந்தவரும் உட்கார்ந்திருக்கலாம். இவர் ஊர் மக்கள் தேர்ந்தெடுத்தவர். பள்ளி நாட்காட்டி இந்தக் குழுவின் கையில் இருக்கிறது. அதனால் ஒரே வட்டாரத்தில் ஓர் ஊரில் ஆகஸ்ட் தொடக்கத்தில் பள்ளி திறக்கும், இன்னோர் ஊரில் மாதக் கடைசியில் திறக்கும். தெற்கே உள்ள பழக்கத்தில் செப்டம்பர் என்று நினைத்து விமானச்சீட்டு போட்டுவிடாதீர்கள்.

"உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று அவர்கள் கேட்கும்போது, "இல்லை, நன்றி" என்று சொல்லி எழுந்துவிடும் மரியாதை இங்கே வேண்டாம். கேளுங்கள். வீடு தனியா, இன்னோர் ஆசிரியரோடு பகிர வேண்டுமா? கட்டில், மேசை, பாத்திரம் இருக்கிறதா, வெறும் சுவரா? துணி துவைக்கும் இயந்திரம் உள்ளே இருக்கிறதா? வகுப்பில் மொழி உதவியாளர் உண்டா? எனக்கு முன்னால் இந்த வகுப்பை எடுத்தவர் எத்தனை ஆண்டு இருந்தார்? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைக் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள். "மூன்று ஆண்டில் நான்கு பேர்" என்று சொன்னால் பயந்து விலக வேண்டியதில்லை. உங்களுக்கு முன்னால் பிள்ளைகள் எத்தனை பேருக்கு வழியனுப்பு விழா நடத்தியிருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

வீடு பற்றிய பதிலை மின்னஞ்சலில் எழுத்தில் வாங்குங்கள். வடக்கே வீட்டுத் தட்டுப்பாடு கடுமையானது. ஒரே வீட்டில் மூன்று தலைமுறை முறைவைத்துத் தூங்கும் குடும்பங்கள் அந்த ஊரிலேயே இருப்பார்கள். ஆசிரியருக்கு ஒதுக்கும் வீட்டைப் பற்றி ஊரில் முணுமுணுப்பு இருந்தால், அதற்கு நியாயம் உண்டு என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

கப்பல் சாமான்

இதுதான் தெற்கத்திக்காரர்களுக்குப் பிடிபடாத விஷயம். ஒவ்வொரு கோடையிலும், பனிக்கட்டி விலகியதும், பெரும்பாலும் மொன்றியல் பக்கத்துத் துறைகளிலிருந்து சரக்குக் கப்பல்கள் கிளம்பும். ஜூலையிலிருந்து அக்டோபருக்குள் ஓர் ஊருக்கு ஒன்றிரண்டு தடவை, கொஞ்சம் பெரிய ஊரென்றால் மேலும் சில தடவை வரும். வாகனம், மரச்சாமான், கட்டுமானப் பொருள், ஆண்டு முழுவதற்குமான மாவு, அரிசி, டாய்லெட் காகிதம், குழந்தைக்கு டயப்பர் என எல்லாம் அதில்தான். இதை அங்கே 'சீலிஃப்ட்' என்பார்கள். பெரும்பாலான ஊர்களில் துறைமுகம் கிடையாது. கப்பல் கடலில் நிற்கும், மிதவைப் படகில் ஏற்றிக் கரையில் கொண்டுவந்து இறக்குவார்கள்.

ஊர்க் கடைகளில் பொருள் கிடைக்கும். நார்த்தர்ன் கடையும் கூட்டுறவுக் கடையும் ஏறக்குறைய எல்லா இடத்திலும் இருக்கின்றன. 2011 முதல் 'நியூட்ரிஷன் நார்த்' என்ற மத்திய அரசு மானியம் பால், காய்கறி போன்றவற்றின் விலையைக் கொஞ்சம் இறக்குகிறது. அப்படியும் டொராண்டோ விலையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தலை சுற்றும். அதைவிடப் பெரிய பிரச்சினை, வானிலை மோசமாகி விமானம் வராத வாரத்தில் அலமாரியே காலியாக இருக்கும்.

எனவே வேலை உறுதியான அன்றே கேட்க வேண்டியது, "உங்கள் ஊருக்குக் கடைசிக் கப்பலுக்குச் சாமான் ஒப்படைக்கும் தேதி என்ன?" பொருள்களை வாங்கி, மரப்பெட்டியில் அடைத்துக் கப்பல் நிறுவனத்திடம் ஒப்படைக்கும் முகவர்கள் மொன்றியலிலும் ஒட்டாவாவிலும் இருக்கிறார்கள். முதல் ஆண்டுக்கு அவர்கள் மூலமாகப் போவது நிம்மதி.

நம் சமையலறைக்கு என்ன வேண்டும் என்று நினைத்துப் பட்டியல் போடுங்கள். அரிசி, பருப்பு வகைகள், புளி, மிளகாய்த்தூள், மல்லி, சீரகம், கடுகு, தேங்காய்ப்பால் மாவு, அப்பளம், ரவை, எண்ணெய். கறிவேப்பிலையைத் தெற்கிலேயே உலர்த்தி, கைப்பெட்டியில் கொண்டுபோங்கள். புட்டியில் அடைத்த எதையும் யோசித்து வாங்குங்கள். செப்டம்பர்க் கடைசியில் வரும் பெட்டி ஓர் இரவு கரையில் கிடந்தால் உள்ளிருக்கும் திரவமெல்லாம் உறைந்து புட்டி வெடித்துவிடும். பெட்டி வந்த அன்றே திறந்து வீட்டுக்குள் ஏற்றுவதற்கு ஒரு கடப்பாரையும் நான்கு நண்பர்களும் வேண்டும். காலிப் பெட்டியின் பலகையை எறிந்துவிடாதீர்கள். மரமே முளைக்காத நிலத்தில் பலகைக்குக் கேட்க ஆள் வருவார்கள். வந்து இரண்டு வாரத்தில் பக்கத்து வீட்டாரோடு பழக இதைவிட நல்ல சாக்கு கிடையாது.

விமானத்தில் என்ன கொண்டுபோவது

பயணப்பெட்டி உங்களோடு வந்து இறங்கும் என்று நம்பாதீர்கள். சின்ன விமானத்தில் எடை கூடினால் பெட்டியை அடுத்த விமானத்துக்கு ஒதுக்குவார்கள். அந்த அடுத்த விமானம் மூடுபனியால் மூன்று நாள் கழித்து வரும். கைப்பையில் மருந்து, மூக்குக்கண்ணாடி இன்னொரு ஜோடி, இரண்டு நாள் உடுப்பு, சான்றிதழ்கள், முதல் இரண்டு வேளைச் சாப்பாடு. தொடர்ந்து சாப்பிடும் மருந்து இருந்தால் மூன்று மாதத்துக்கானது. பல் வேலை ஏதாவது பாக்கி இருந்தால் கிளம்புமுன் முடித்துவிடுங்கள். ஊரில் இருப்பது செவிலியர்கள் நடத்தும் சுகாதார நிலையம். மருத்துவரும் பல் மருத்துவரும் அவ்வப்போது வந்து போவார்கள். பிரசவத்துக்கு, நாள் நெருங்குவதற்குச் சில வாரம் முன்பே பெரிய ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். குடும்பமாகப் போகிறவர்கள் இதை மனதில் வைத்துத் திட்டமிடுங்கள்.

உடுப்பைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே கம்பளி, மேலே காற்றுப் புகாத நல்ல பார்கா (தலைமூடி வைத்த கனமான மேலங்கி), உள்ளுறை கழற்றி உலர்த்தக்கூடிய பூட்ஸ், விரல் பிரியாத கையுறை. பருத்தி உள்ளாடை வேண்டாம், வியர்வையைப் பிடித்துவைத்து உடம்பைச் சில்லிட வைக்கும். ஆனால் எல்லாவற்றையும் தெற்கே வாங்கிவிடாதீர்கள். ஊரில் தைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையால் தைத்த, ஓநாய் மயிர் வைத்த தலைமூடிக்கும் கையுறைக்கும் முன்னால் கடைச் சரக்கு நிற்காது. விலை பேரம் பேசாதீர்கள்.

முதல் வாரம்: வீடு

வீடுகள் தூண்களின் மேல் நிற்கும். தரைக்கடியில் உள்ள மண் ஆண்டு முழுதும் உறைந்தே இருப்பதால், வீட்டுச் சூடு அதை இளக்கிவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு. அதே காரணத்தால் பெரும்பாலான ஊர்களில் நிலத்தடிக் குழாயும் கிடையாது. தண்ணீர் லாரி வந்து வீட்டுத் தொட்டியை நிரப்பும். கழிவு லாரி வந்து இன்னொரு தொட்டியை உறிஞ்சிப் போகும். சென்னைக் கோடையில் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தவர்களுக்குப் பாதி பழக்கம் ஏற்கெனவே இருக்கும். தெரிய வேண்டியது மற்ற பாதி. பல வீடுகளில் கழிவுத் தொட்டி நிறைந்தால் தண்ணீர் மோட்டார் தானாக நின்றுவிடும். தொட்டியில் தண்ணீர் இருக்கும், குழாயில் வராது. புதியவர்கள் மோட்டார் கெட்டுவிட்டது என்று ஆளைக் கூப்பிடுவார்கள்.

வந்த அன்றே மூன்று விஷயம் விசாரியுங்கள். லாரி எந்தெந்த நாள் வரும்? தொட்டியின் அளவைக் காட்டும் விளக்கு எங்கே? வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் இரவில் நின்றால் யாரைக் கூப்பிடுவது? துணி துவைப்பதை லாரி வரும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். குளியல் சுருக்கமாக இருக்கட்டும். இரண்டு கேன் குடிதண்ணீர் எப்போதும் தனியாக நிரம்பியிருக்க வேண்டும். பனிப்புயலில் லாரி ஓடாது.

அது சாதாரணப் பனிப்பொழிவு கிடையாது. மணிக்கு 40 கிலோமீட்டர் அல்லது அதற்கு மேல் காற்று, 400 மீட்டருக்கு மேல் கண் தெரியாத நிலை, மரங்கள் வளரும் எல்லையான மரக்கோட்டுக்கு வடக்கே இது 6 மணி நேரமாவது நீடித்தால்தான் கனடிய வானிலைத் துறை அதைப் பனிப்புயல் என்று அறிவிக்கும். கிவாலிக் ஊர்களில் இது நாள்கணக்கில் நீடிப்பதுண்டு. பள்ளி மூடல் அறிவிப்பு ஊர் வானொலியிலும் முகநூலிலும் வரும். அப்போது வெளியே போய்ப் படம் எடுக்கலாம் என்று தோன்றும். வேண்டாம். சொந்த வீட்டுப் படிக்கும் பக்கத்து வீட்டுப் படிக்கும் நடுவில் வழி தவறியவர்கள் இருக்கிறார்கள்.

மின்சாரம் எல்லா ஊரிலும் டீசலில் ஓடுகிறது. எப்போதாவது நிற்கும். மின்சாரம் நின்றால் கொதிகலனும் நிற்கும். டார்ச், நல்ல தூக்கப்பை, சமைக்காமல் சாப்பிடக்கூடிய உணவு மூன்று நாளைக்கு, இவை ஒரே இடத்தில் இருக்கட்டும்.

இணையம் முன்பு நத்தை வேகம். செயற்கைக்கோள் இணைப்பு இப்போது நன்றாக முன்னேறிவிட்டது. இதில் நன்மையும் உண்டு, கெடுதலும் உண்டு. மாலை ஆறு மணிக்கு வீட்டுக்குள் போய் டொராண்டோ நண்பர்களோடு வீடியோ அழைப்பில் உட்கார்ந்துவிடலாம். மாதக்கணக்கில் இப்படி இருந்தவர்கள்தான் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போய்த் திரும்பாதவர்கள்.

வகுப்பறை

பல பள்ளிகளில் முதல் சில வகுப்புகள் இனுவிட் மக்களின் மொழியான இனுக்டிடுட்டில் நடக்கும், அப்புறம் ஆங்கிலத்துக்கு மாறும். தெற்கிலிருந்து போகும் ஆசிரியருக்குப் பெரும்பாலும் நான்காம் வகுப்பும் அதற்கு மேலும்தான் கிடைக்கும். அதாவது, பிள்ளை சொந்த மொழியில் எழுதப் படிக்க ஊன்றுவதற்குள் வேறு மொழிக்கு மாறும் இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். எல்லா வகுப்புகளிலும் இனுவிட் மொழியில் கற்பிக்க வேண்டும் என்று 2008 சட்டத்தில் வைத்த இலக்கு நிறைவேறவில்லை. 2020-ல் அதன் கெடுவை 2039 வரை தள்ளிவைத்தார்கள். தாய்மொழி ஆசிரியர்கள் போதாது என்பது காரணம். நூனவுட் ஆர்க்டிக் கல்லூரி அவர்களைப் பயிற்றுவிக்கிறது. உங்கள் பள்ளியில் அப்படிப் படித்துவந்த உள்ளூர் ஆசிரியர் ஒருவர் இருந்தால், பதவியில் நீங்கள் சமம் என்றாலும் நடைமுறையில் நீங்கள் அவருடைய மாணவர். அந்த எண்ணத்தோடே முதல் ஆண்டை நடத்துங்கள்.

முதல் நாள் கேள்வி கேட்பீர்கள். யாரும் பேசமாட்டார்கள். நான் சொல்லித்தரப்போகும் ஒரு விஷயம் உங்களுக்கு ஒரு மாதத்தை மிச்சப்படுத்தும்: முகத்தைப் பாருங்கள். புருவத்தை உயர்த்தினால் 'ஆமாம்'. மூக்கைச் சுருக்கினால் 'இல்லை'. பிள்ளைகள் பதில் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். "வாயைத் திறந்து பதில் சொல்" என்று அதட்டும் புது ஆசிரியரை அவர்கள் பார்க்கும் பார்வையில் கொஞ்சம் பரிதாபமும் இருக்கும்.

குரலை உயர்த்தாதீர்கள். நம் பள்ளிக்கூடங்களில் சத்தம் போடுகிறவரைத்தான் கண்டிப்பான வாத்தியார் என்பார்கள். அங்கே கோபத்தைக் கட்டுப்படுத்தத் தெரியாத பெரியவர் இன்னும் வளராத ஆள். ஒரு தடவை கத்தினால் வகுப்பு அடங்கும், அதோடு அந்த ஆண்டுக்கு உங்கள் மேல் இருந்த மரியாதையும் அடங்கிவிடும். தவறு செய்த பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, குறைவாகப் பேசுங்கள். எல்லோர் முன்னாலும் ஒரு பிள்ளையை ஒரேயடியாகப் புகழ்வதும் அவனைச் சங்கடப்படுத்தும்.

பார்த்துக் கற்பது அங்கே பழைய முறை. அப்பா படகு எஞ்சினைப் பிரிக்கும்போது பையன் பக்கத்தில் நிற்பான். கேள்வி கேட்க மாட்டான். ஒருநாள் தானே பிரித்து மாட்டுவான். 'பிலிம்மக்சர்னிக்' என்ற இந்தக் கொள்கை நூனவுட் கல்விச் சட்டத்திலேயே இருக்கிறது. வகுப்பில் இதை எப்படிப் பயன்படுத்துவது? நீங்கள் கணக்கைப் பலகையில் முழுதாக இரண்டு மூன்று முறை போட்டுக் காட்டுங்கள். இருவர் மூவராகச் சேர்ந்து செய்ய விடுங்கள். அப்புறம் தனியாக. தெற்கே சொல்லித்தருவது போல "நீங்களே யோசித்துக் கண்டுபிடியுங்கள்" என்று முதலிலேயே விட்டால், தெரியாததை எல்லோர் முன்னாலும் தப்பாகச் செய்ய யாரும் முன்வர மாட்டார்கள்.

பாடப்புத்தகம் பெரும்பாலும் வேறு ஊருக்காக எழுதியது. மேல்வகுப்புகளுக்கு நீண்டகாலமாக ஆல்பர்ட்டா பாடத்திட்டமே நடக்கிறது. ரயில், கோதுமை வயல், போக்குவரத்து விளக்கு எல்லாம் கணக்கில் வரும். ரயிலைப் பார்க்காத பிள்ளைக்குக் கணக்கு தெரியவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வேட்டை முகாமுக்குப் போக எத்தனை லிட்டர் பெட்ரோல், கமுதிக் சறுக்குவண்டியில் எவ்வளவு எடை ஏற்றலாம், கப்பல் சாமானுக்கும் விமானச் சாமானுக்கும் விலை வித்தியாசம் எத்தனை சதவீதம் என்று மாற்றிக் கொடுங்கள். உங்களைவிட வேகமாகப் போடுவார்கள்.

ஒரே வகுப்பில் இரண்டாம் வகுப்பு அளவு படிப்பவரும் எட்டாம் வகுப்பு அளவு படிப்பவரும் சேர்ந்து இருப்பார்கள். இது உங்கள் பள்ளியின் குறை மட்டும் கிடையாது. படிப்பதற்கு எளிதாகவும், வயதுக்குத் தகுந்ததாகவும் உள்ள புத்தகங்களை முடிந்த அளவு கப்பலில் ஏற்றிக்கொள்ளுங்கள். பதினான்கு வயதுப் பையன் கையில் முயல்குட்டிக் கதையைக் கொடுத்தால் அதோடு முடிந்தது.

காலை உணவுத் திட்டம் இருந்தால் முதல் மணிக்கு முன்னால் அங்கே போய் ரொட்டி சுடுங்கள். நூனவுட்டில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் போதிய உணவு உறுதியில்லை. ஒரு பிள்ளை பத்து மணிக்கு மேசையில் தலைசாய்த்தால் அது சோம்பலாக இல்லாமலும் இருக்கலாம்.

ஏப்ரல், மே மாதங்களில் வருகைப் பதிவேடு வெளுத்துப்போகும். வெளிச்சம் திரும்பியிருக்கும், கடல்மேல் பனி இன்னும் கெட்டியாக இருக்கும், குடும்பங்கள் முகாம் போய்விடும். இதை எதிர்த்து யாரும் ஜெயித்ததில்லை. முக்கியமான பாடங்களை அக்டோபரிலிருந்து மார்ச்சுக்குள் முடிக்கும்படி ஆண்டுத் திட்டத்தை வையுங்கள். முகாமிலிருந்து வரும் பிள்ளையிடம் என்ன பிடித்தான், எங்கே தங்கினான் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். பள்ளியே முகாம் நடத்தினால் முதல் ஆளாகப் பெயர் கொடுங்கள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை, மீன் வலை போடும்போது உங்களுக்கு ஆசிரியராக மாறுவதை அங்கே பார்க்கலாம்.

பெயரும் பழைய கதையும்

பெயர்களைச் சரியாக உச்சரிக்க முதல் வாரமே கற்றுக்கொள்ளுங்கள். டொராண்டோவில் நம் பெயரைக் கடித்துத் துப்பக் கேட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். அங்கே இது இன்னும் ஆழமானது. இறந்தவரின் பெயரைப் பிறந்த பிள்ளைக்கு வைப்பார்கள். பெயரோடு உறவும் சேர்ந்து வரும். ஒரு பாட்டி ஐந்து வயதுப் பையனை 'அப்பா' என்று கூப்பிடுவாள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்துவிட்டு, அந்தப் பெயரைச் சொல்லித் திட்டக் கூசும் வீடுகளில் வளர்ந்த நமக்கு இது உடனே பிடிபடும். அரசு 1940களிலிருந்து ஏறக்குறைய 1970 வரை இவர்களுக்கு எண் பொறித்த வில்லைகளைக் கொடுத்து, பதிவேடுகளில் எண்ணால் அடையாளம் வைத்திருந்தது. அந்த எண்ணை இன்னும் மறக்காத பெரியவர்கள் ஊரில் இருப்பார்கள்.

பெற்றோர் பள்ளிக்கு வரவில்லை என்று ஆசிரியர் அறையில் புலம்பல் கேட்கும். அதில் சேருமுன் கொஞ்சம் வரலாறு. 1950, 60களில் பிள்ளைகளை விமானத்திலும் கப்பலிலும் ஏற்றி, செஸ்டர்ஃபீல்ட் இன்லெட், சர்ச்சில் போன்ற இடங்களில் இருந்த உறைவிடப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பல பிள்ளைகள் அடியும் அத்துமீறலும் பட்டார்கள். 1953, 1955 ஆண்டுகளில் கியூபெக்கின் இனுக்ஜுவாக்கிலிருந்து குடும்பங்களை ரெசொலூட்டுக்கும் கிரீஸ் ஃபியோர்டுக்கும் குடியேற்றினார்கள். உறைவிடப் பள்ளிகளுக்காக 2008-லும் குடியேற்றத்துக்காக 2010-லும் கனடா அரசு மன்னிப்புக் கேட்டது. உங்கள் மாணவியின் பாட்டிக்குப் பள்ளிக்கூடம் என்றால் அதுதான் ஞாபகம் வரும். வாசலோடு அவர் நின்றுவிடுவதற்கு அக்கறையின்மை காரணமாக இருக்காது.

எனவே நீங்கள் போங்கள். கடையில் நின்று பேசுங்கள். ஊர் வானொலியில் பள்ளிச் செய்தி சொல்ல ஐந்து நிமிடம் கேளுங்கள், கேட்காத வீடே இருக்காது. பிங்கோ ஆட்டத்துக்கும் சமூகக்கூடத்து விருந்துக்கும் போங்கள். பிள்ளை செய்த நல்ல காரியம் ஒன்றைச் சொல்வதற்காக மட்டும் ஒரு தொலைபேசி அழைப்பு செய்து பாருங்கள். நன்றி சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள்: கிழக்கே 'குயன்னாமீக்', கிவாலிக்கில் 'மட்னா', மேற்கே 'குவானா'.

சாப்பிடக் கூப்பிட்டால் போங்கள். உறைந்த ஆர்க்டிக் சார் மீன், கரிபூ என்ற வடபகுதி மானின் இறைச்சி, திமிங்கிலத் தோலும் கொழுப்பும் சேர்ந்த மக்டாக் ஆகியவற்றைத் தரையில் அட்டை விரித்து வைத்திருப்பார்கள். அரைவட்ட ஊலு கத்தியால் நறுக்கி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். சைவமாக இருப்பவர்கள் தயங்காமல் "நான் இறைச்சி சாப்பிடுவதில்லை" என்று சொல்லலாம். பேனக் ரொட்டியும் தேநீரும் கட்டாயம் இருக்கும். சொல்லக் கூடாதது, ஏன் சாப்பிடுவதில்லை என்ற பிரசங்கம். சீல் என்னும் கடல்நாய் வேட்டைக்கு எதிராகத் தெற்கில் நடந்த பிரசாரம் தோல் விற்றுப் பிழைத்த குடும்பங்களை முடக்கியது. அந்தக் காயம் ஆறவில்லை. பதிலுக்கு நீங்கள் பருப்பும் சோறும் வைத்துக் கூப்பிடுங்கள். காரத்தை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

இருட்டு, வெளிச்சம், வெளிநிலம்

இருண்ட மாதங்களுக்கு வைட்டமின் டி, பிரகாச விளக்கு, கட்டாயமான தூக்க நேரம். நண்பகலில் தெற்கு வானம் கொஞ்ச நேரம் நீலமும் சிவப்புமாக வெளுக்கும். அந்த நேரத்தில் வகுப்பையும் கூட்டிக்கொண்டு வெளியே நடங்கள். இக்லூலிக்கில் ஜனவரி நடுவில் சூரியன் திரும்புவதை ஊரே கூடிக் கொண்டாடுவார்கள். என் கணிப்பில் இருட்டைவிட, ஓயாத வெளிச்சம்தான் ஆளை அதிகம் ஆட்டும். மே மாதம் நள்ளிரவில் பிள்ளைகள் தெருவில் பந்து விளையாடுவார்கள், காலையில் பாதிப் பேர் தூங்கி வழிவார்கள். படுக்கையறை ஜன்னலுக்கு அலுமினியத் தாள் ஒட்டுங்கள். ஊரில் பலரும் அதைத்தான் செய்கிறார்கள்.

ஊர் எல்லை தாண்டித் தனியாகப் போகாதீர்கள். பனிக்கரடி, மூடுபனி, கடல்பனியின் விரிசல் எல்லாம் உள்ளூர்க்காரருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. யாரிடமாவது எங்கே, எப்போது திரும்புவேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள். அவசரச் செய்தி அனுப்பும் செயற்கைக்கோள் கருவியைப் பல ஊர்களில் ஊராட்சி அலுவலகமே இரவல் தரும். தெருநாயைத் தொடாதீர்கள். நரிகளிடமிருந்து வெறிநோய் பரவும்.

மது விஷயத்தில் ஊருக்கு ஊர் சட்டம் வேறு. சில ஊர்களில் முழுத் தடை, சிலவற்றில் குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும். பெட்டிக்குள் ஒரு புட்டி வைக்குமுன் விசாரியுங்கள். வேலை போகும்.

துக்கம்

இதைத் தவிர்த்துவிட்டு எழுதுவது நேர்மையாக இருக்காது. நூனவுட்டில் தற்கொலை விகிதம் கனடாவின் மற்ற பகுதிகளைவிடப் பல மடங்கு. ஆயிரம் பேர் உள்ள ஊரில் ஒருவர் போனால் வகுப்பில் பாதிப் பேருக்கு அவர் சொந்தம். பள்ளி மூடும், ஊரே சவ அடக்கத்துக்குப் போகும். நீங்களும் போங்கள். பின்வரிசையில் உட்கார்ந்தால் போதும். அடுத்த நாள் பாடத்தைத் தள்ளிவையுங்கள். வரைய, தைக்க, சும்மா உட்கார இடம் கொடுங்கள். ஒரு பிள்ளையைப் பற்றிக் கவலை வந்தால் அன்றே பள்ளி ஆலோசகரிடமும் சுகாதார நிலையத்திலும் சொல்லுங்கள். கமட்சியாக்டுட் என்ற தொலைபேசி உதவிச் சேவையின் எண்ணை வகுப்புச் சுவரில் ஒட்டிவையுங்கள். உங்களுக்கும் பாரம் ஏறும். பேச ஒரு ஆளை, ஊருக்கு வெளியே, முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

பணம், சுருக்கமாக

சம்பளத்தோடு வடபகுதிப் படி உண்டு, ஊரைப் பொறுத்து மாறும். ஆறு மாதம் தொடர்ந்து வசித்தால் வருமான வரியில் வடபகுதி வாசிகளுக்கான கழிவு கேட்கலாம். வீட்டில் வேறு யாரும் கேட்காவிட்டால் நாளொன்றுக்கு 22 டாலர் வரை. முதல் சம்பளம் வரும்வரை கைச்செலவுக்குப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான ஊர்களில் வங்கிக் கிளை கிடையாது. ஒப்பந்தத்தை முறித்துப் பாதியில் கிளம்பினால் சாமான் கொண்டுவந்த செலவை யார் ஏற்பது என்ற வரியைக் கையெழுத்துக்கு முன்பே படியுங்கள்.

இரண்டாம் ஆண்டு

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போய் ஜனவரியில் நீங்கள் திரும்பி வந்து நிற்கும் அன்று வகுப்பு மாறும். அதுவரை ஒதுங்கி நின்ற சில பிள்ளைகள் பக்கத்தில் வந்து உட்காருவார்கள். ஆனாலும் முதல் ஆண்டில் நீங்கள் கற்பிப்பதைவிடக் கற்றுக்கொள்வதே அதிகம். இரண்டாம் ஆண்டில்தான் அந்த ஊருக்கு உங்களால் பயன். ஓர் ஆண்டு மட்டும் இருந்து பார்க்கலாம் என்ற எண்ணம் இருந்தால், அந்த இடத்தை வேறு ஒருவருக்கு விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன். கொஞ்சம் கடுமையாகத் தெரியலாம். வழியனுப்பு விழாக்களை எண்ணிப் பார்த்தால் அப்படித் தெரியாது.

பிப்ரவரி, மார்ச்சிலேயே தலைமையாசிரியர் அடுத்த ஆண்டு பற்றிக் கேட்பார். அவருக்கு முன்பே பிள்ளைகள் கேட்பார்கள்: "திரும்பி வருவீர்களா?" தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். வருவேன் என்று சொன்னால் வாருங்கள். முடிவு எடுத்ததும் கப்பல் பட்டியலை எடுத்து உட்காருங்கள். முதல் கப்பலுக்கான கெடு பெரும்பாலும் மே, ஜூனில் முடிந்துவிடும். போன ஆண்டு எது மிஞ்சியது, எது ஜனவரியிலேயே தீர்ந்தது என்று சமையலறை அலமாரியைத் திறந்து பார்த்து எழுதுங்கள். வகுப்புக்குத் தேவையான பென்சில், பசை, தடித்த காகிதம் ஆகியவற்றைப் பள்ளிப் பட்டியலில் சேர்க்கவும் அதே வாரம்தான் கெடு. புளியை மட்டும் கூடுதலாகப் போடுங்கள், விருந்தினர் அதிகமாகியிருப்பார்கள்.